கண்ணாடித் தொட்டிக்குள் கடல்

வீட்டில் மீன் வளர்ப்பவர்கள் நம் கல்லூரியிலேயே பலர் இருக்கின்றனர். பொன்மீன், கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் என அவர்கள் வளர்ப்பவை அனைத்தும் நன்னீர் மீன்கள். "நான் கடல் மீன் வளர்க்கிறேன்" என்று கூறினால் மட்டும் கேட்பவர் புருவத்தை உயர்த்துகின்றனர். "அடுப்படி உப்பை அள்ளிப் போட்டால் கடல் ஆகிவிடுமா?" என்று கேட்ட நண்பர்களும் உண்டு, "கடலில் நலமாக இருக்கும் மீனை எதற்கு வீட்டிற்குக் கொண்டுவர வேண்டும்?" என்று கேட்ட பேராசிரியரும் உண்டு. முதற் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதற்கு விடை காண எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. இரண்டிற்கும் இக்கட்டுரையில் என்னால் இயன்ற அளவு விடை கூற முயல்கிறேன்.

முதல் தோல்வி

பள்ளி இறுதித் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் என் தந்தையார் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கித் தந்தார். நீளம் 3 அடி. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. மணலும் கல்லும் போக அதில் ஏறத்தாழ 160 லிட்டர் நீர் பிடிக்கும். எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில், கடற்கரையிலிருந்து சிறிது தொலைவில் உள்ளது. ஆகவே உப்பைப் பற்றிய கவலையே எழவில்லை. சரக்கு ஆட்டோ ஒன்றில் கடல்நீரையே கொண்டுவந்து நிரப்பினோம். மறுநாள் சென்னையிலிருந்து வந்த சித்தப்பா, இரண்டு கோமாளி மீன்களையும் நீல நிற டாம்செல் மீன் ஒன்றையும் பையில் கட்டி வாங்கி வந்திருந்தார். அன்று மாலையே அவற்றைத் தொட்டியில் விட்டேன். தெருவே வந்து பார்த்தது.

நான்காம் நாள் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்பதாம் நாள் மூன்றும் இறந்து கிடந்தன. நீரோ பளிங்குபோல் தெளிந்திருந்தது. உண்மையான கடல்நீர், போதுமான காற்று, நல்ல தீவனம் ஆகிய எல்லாம் இருந்தும் அவை ஏன் இறந்தன? இக்கேள்விதான் என்னை விலங்கியல் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தது என்று கூடச் சொல்லலாம்.

கடல்நீர் என்பது யாது?

முதலில் உப்பைப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் சோடியமும் குளோரைடும் சேர்ந்து 30 கிராம். எஞ்சிய 5 கிராமில் சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியன அடங்கும். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிவந்த சேலஞ்சர் என்னும் ஆய்வுக் கப்பல் பல கடல்களிலிருந்து கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்னும் வேதியியலார் ஆராய்ந்து, 1884-இல் முடிவுகளை வெளியிட்டார். கடலுக்குக் கடல் உப்பின் அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும், உப்புகளுக்கு இடையேயான விகிதம் ஏறத்தாழ மாறுவதே இல்லை என்பது அவர் கண்ட உண்மை.

இனி நம் தூத்துக்குடி உப்பளத்தை எண்ணிப் பாருங்கள். பாத்தியில் கடல்நீர் வற்றும்போது கால்சியம் உப்புகள் முதலில் படிந்துவிடுகின்றன. அதன் பின்னரே சோடியம் குளோரைடு உப்பாக விளைகிறது. மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் கடைசியில் எஞ்சி நிற்க, அதை வடித்துவிடுகின்றனர். எனவே நம் சமையலறைக்கு வரும் உப்பு, கால்சியமும் மக்னீசியமும் பெரும்பாலும் நீக்கப்பட்ட உப்பாகும். அதைத் தண்ணீரில் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல் கிடைக்காது. கடலிலிருந்து தொலைவில் உள்ளவர்கள், எல்லா உப்புகளும் உரிய விகிதத்தில் கலந்த செயற்கைக் கடலுப்பையே வாங்கிக் கரைக்க வேண்டும். என் தொட்டிக்கு அது 5 கிலோ 600 கிராம் வரும்.

கடல்நீரையே கொண்டு வருபவர்கள் ஆற்று முகத்துவாரத்தையும் சாக்கடை கலக்கும் இடத்தையும் தவிர்த்து எடுக்க வேண்டும். துணியில் வடிகட்டி, மூடிய பாத்திரத்தில் இருட்டில் இரு வாரங்கள் வைத்திருந்து, அடியில் தங்கிய வண்டலை விட்டுவிட்டு மேல்நீரைப் பயன்படுத்தலாம். பித்தளைக் குடத்தையும் செம்புப் பாத்திரத்தையும் அதன் அருகே கொண்டு போகக்கூடாது. கடல்நீரில் கரையும் செம்பு, சிறிய அளவிலும் இறால், கடற்சாமந்தி போன்ற முதுகெலும்பற்ற உயிர்களைக் கொன்றுவிடும்.

மீன் தண்ணீர் குடிக்குமா?

நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதில்லை. அதன் உடல்நீரில் உப்பு மிகுதி. சுற்றிலும் உள்ள நீரில் உப்புக் குறைவு. ஆகவே நீர் தானாகவே உடலுக்குள் புகுகிறது. புகுந்த நீரைச் சிறுநீரகம் ஓயாமல் வெளியேற்றுகிறது. கடல் மீனின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் இரத்தத்தில் உள்ள உப்பு கடலில் உள்ளதைப்போல் மூன்றில் ஒரு பங்குதான். எனவே நீரின் நடுவே இருந்தும் அதன் உடலிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதை ஈடுசெய்ய அது கடலைக் குடிக்கிறது. குடித்த நீரில் உள்ள மிகுதியான உப்பைச் செவுள்களின் வழியே வெளியே தள்ளுகிறது. 1930-இல் ஹோமர் ஸ்மித் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர் இதனைச் சோதனையால் நிறுவினார்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? நன்னீர் மீன் நீரில் வாழ்கிறது. கடல் மீன் அந்த நீரையே உட்கொண்டும் வாழ்கிறது. ஆகவே உப்பின் அளவில் ஏற்படும் மாறுதல் அதன் உடலை நேராகத் தாக்கும்.

நான் செய்த ஒரு பிழையை இங்கே சொல்லிவிடுகிறேன். கோடையில் என் தொட்டியிலிருந்து நாள்தோறும் 2 லிட்டர் நீர் ஆவியாயிற்று. குறைந்த நீரைக் கடல்நீரால் ஈடுசெய்தேன். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. பத்து நாளில் நான் ஊற்றிய 20 லிட்டர் கடல்நீர் 700 கிராம் உப்பைக் கூடுதலாகச் சேர்த்துவிடும். லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 39 கிராமைத் தாண்டிவிடும். ஆவியான நீரை உப்பில்லாத தூய நீரால் மட்டுமே ஈடுசெய்ய வேண்டும். தொட்டியின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு, தினமும் காலையில் அக்கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்றுவதே எளிய வழி. நம் இயற்பியல் கூடத்தில் உள்ளது போன்ற ஒரு நீர்மானி இருந்தால், ஒப்படர்த்தி 1.023-க்கும் 1.026-க்கும் இடையே இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாத குடிமக்கள்

ஆனால் ஒன்பதே நாளில் என் மீன்களைக் கொன்றது உப்பன்று. அது அம்மோனியா.

மீன் தன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீவனம் அழுகினாலும் அம்மோனியா உண்டாகிறது. பரந்த கடலில் இது ஒரு பொருட்டன்று. 160 லிட்டரில் அது நஞ்சு. அதிலும் கடல்நீர் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 8.2-ஐ ஒட்டி இருக்கும். காரத்தன்மை கூடக் கூட அம்மோனியாவின் நச்சு வடிவமும் கூடும். நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவே கடல்நீர்த் தொட்டியில் உயிரைப் போக்கிவிடலாம். அம்மோனியாவிற்கு நிறமில்லை. நீர் பளிங்குபோல் இருந்ததன் பொருள் இப்போது விளங்கும்.

இயற்கையில் இந்த நஞ்சை முறிப்பவை நுண்ணுயிர்கள். நைட்ரோசோமோனாஸ் போன்ற ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சே. நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா போன்ற மற்றொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கும். இந்த இரு கட்ட வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரித்துக் காட்டியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர். மண்ணை ஆராய்ந்து அவர் கண்ட உண்மை இன்று ஒவ்வொரு மீன் தொட்டியிலும் பயன்படுகிறது.

இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதப்பதைவிட மணலிலும் கல்லின் துளைகளிலும் ஒட்டி வாழ்வதையே விரும்புகின்றன. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் குடியிருக்கும் கடற்பாறைகளைத் தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழிகளை மட்டும் விட்டுக் கடலுயிர்களை வளர்த்த முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார். ஆனால் நாம் அவரைப் பின்பற்றிக் கடலிலிருந்து பவளக்கல்லை எடுத்துவர முடியாது. பவளங்கள் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அந்தச் சட்டம் நமக்கு இடையூறன்று. ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் சுண்ணாம்பிற்காக வெட்டி எடுக்கப்பட்டதை நம் பகுதிப் பெரியவர்கள் அறிவர். நான் பயன்படுத்தியது உடைந்த மண் பூந்தொட்டியின் துண்டுகளே. சுட்ட மண்ணின் நுண்துளைகளில் நுண்ணுயிர்கள் நன்றாகவே குடியேறுகின்றன.

ஆறு வாரக் காத்திருப்பு

கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தபின் மீண்டும் தொடங்கினேன். இம்முறை மீன் வாங்கவில்லை. நீரை நிரப்பி, ஓட்டுத் துண்டுகளை அடுக்கி, ஒரு சிறு இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டேன். அதிலிருந்து வரும் அம்மோனியாவே நுண்ணுயிர்களுக்கு முதல் உணவு. சோதனைக் குழாயில் தொட்டி நீரை எடுத்து, கடையில் கிடைக்கும் சோதனைச் சொட்டுகளை விட்டு நிறத்தைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன். முதல் இரு வாரங்கள் அம்மோனியா ஏறியது. மூன்றாம் வாரம் அது இறங்க, நைட்ரைட் ஏறியது. ஆறாம் வாரம் இரண்டும் இல்லை. நைட்ரேட் மட்டும் இருந்தது.

அந்த ஆறு வாரங்களும் வீட்டில் நான்தான் வேடிக்கைப் பொருள். "ஏண்டா, மீனுக்கு வெளக்குப் போடுவாக. நீ வெறுந் தண்ணிக்கில்ல வெளக்குப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டிருக்க?" என்றார் அப்பத்தா. அவர் கேலியாகக் கூறியது உண்மையே. கடல் மீன் வளர்ப்பவன் உண்மையில் வளர்ப்பது நீரைத்தான். நீர் நலமாக இருந்தால் மீன் தானே நலமாக இருக்கும்.

இதன் பின் செய்ய வேண்டியவை பெரிய வேலைகள் அல்ல. சேரும் நைட்ரேட்டைக் குறைக்க, இரு வாரத்திற்கு ஒருமுறை 16 லிட்டர் நீரை எடுத்துவிட்டு அதே அளவு புதிய கடல்நீர் ஊற்றுகிறேன். கோடையில் நீரின் வெப்பம் 32 டிகிரி வரை ஏறும்; சிறு மின்விசிறி ஒன்றை நீர்ப்பரப்பை நோக்கி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். வெப்பத்தை எளிதாக எண்ணிவிடக்கூடாது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியதால் மன்னார் வளைகுடாவிலேயே பவளங்கள் வெளுத்துப் போயின. கடலே தாங்காததைத் தொட்டி எவ்வாறு தாங்கும்?

கோமாளி மீனின் குடும்பம்

ஏழாம் வாரம் இரண்டு கோமாளி மீன் குஞ்சுகளை விட்டேன். இவை கடலில் பிடிக்கப்பட்டவை அல்ல, பண்ணையில் பொரித்தவை. கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறைகளைப் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும் உருவாக்கியுள்ளனர்.

கோமாளி மீன்கள் அனைத்தும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. ஒரு கடற்சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாகவும், அதற்கு அடுத்தது அதன் துணையான ஆணாகவும் ஆகின்றன. பெண் இறந்துவிட்டால் அந்த ஆண் பெண்ணாக மாறும். அடுத்த நிலையில் உள்ளது அதன் துணையாகும். 2003-இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' என்னும் படத்தில் தாயை இழந்த குஞ்சைத் தந்தை தேடி அலைவதைக் கண்டிருப்பீர்கள். இயற்கை விதிப்படி அந்தத் தந்தை தாயாகவே மாறியிருக்க வேண்டும்! என் தொட்டியிலும் ஓராண்டில் ஒன்று பருத்தது. மற்றொன்று சிறுத்தே நின்று அதற்கு அடங்கி நடந்தது.

அரிய மீன் எது?

தொட்டி நிலைபெற்றதும் எனக்கும் ஆசை வந்தது. யாரிடமும் இல்லாத மீன் நம்மிடம் இருக்க வேண்டும் என்னும் ஆசை இது. இங்கேதான் பேராசிரியரின் கேள்விக்கு வருகிறேன்.

மீன் தொட்டிக் கலையை மக்களிடம் பரப்பியவர்களுள் முதன்மையானவர் பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கிலேயர். 1854-இல் அவர் எழுதிய நூலைப் படித்த மக்கள் வாளியும் வலையுமாகக் கடற்கரைக்குக் கிளம்பினர். பல ஆண்டுகளுக்குப் பின், 1907-இல், அவருடைய மகன் எட்மண்ட் காஸ் தம் நூலில், தாம் சிறுவயதில் கண்ட பாறைக் குட்டைகளின் அழகெல்லாம் சேகரிப்பவர்களால் சூறையாடப்பட்டதை வருந்தி எழுதினார். கடலை நேசித்தவரின் நூலே அக்கரையை வெறுமையாக்கக் காரணமாயிற்று.

இக்காலத்து எடுத்துக்காட்டு பாங்காய் கார்டினல் மீன். வெள்ளி உடலில் கருங்கோடுகளும் வெண்புள்ளிகளும் கொண்ட இச்சிறு மீன், இந்தோனேசியாவின் பாங்காய்த் தீவுகளைச் சுற்றியே இயற்கையில் வாழ்கிறது. 1933-இல் அறிவியல் உலகம் இதற்குப் பெயரிட்டது, பின்னர் மறந்தும்விட்டது. 1990-களில் மீண்டும் கவனத்திற்கு வந்ததும் உலகெங்கும் இதற்குத் தேவை எழுந்தது. ஆண்டுதோறும் பல இலட்சம் மீன்கள் பிடிக்கப்பட்டன. 2007-இல் இது அழியும் நிலையிலுள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதன் ஆண் மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள் வைத்து, குஞ்சு பொரித்த பின்னும் சில நாள் காக்கிறது. ஒரு முறைக்குச் சில பத்துக் குஞ்சுகளே. அவை மற்ற மீன்களின் குஞ்சுகளைப் போல நீரோட்டத்தில் மிதந்து வேறிடம் செல்வதுமில்லை. ஆகவே ஓரிடத்தில் பிடித்துத் தீர்த்துவிட்டால், வேறிடத்திலிருந்து வந்து அந்த இடத்தை நிரப்ப ஆளில்லை.

ஆனால் இதே மீன் தொட்டியில் இனப்பெருக்கம் செய்வதில் மிக எளிய மீன்களுள் ஒன்று. குஞ்சுகள் பெரிதாகவே வெளிவருவதால், முதல் நாளிலிருந்தே ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் உயிரியின் குஞ்சுகளைத் தின்னும். ஆகவே 'அரிய மீனை வளர்க்கலாமா?' என்பதைவிட 'அது எங்கிருந்து வந்தது?' என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கடலிலிருந்து எடுத்த ஒவ்வொரு மீனும் அதன் அருமையை மேலும் கூட்டுகிறது. தொட்டியில் பிறந்த ஒவ்வொரு மீனும் கடலிலுள்ள ஒன்றை விட்டுவைக்கிறது.

ஒரு கடற்குதிரை

இக்கொள்கை எனக்கும் சோதனையாக வந்தது. சென்ற ஆண்டு, மீன்பிடித் தொழில் செய்யும் என் நண்பனின் மாமா ஒரு பிளாஸ்டிக் கேனைக் கொண்டுவந்தார். "தம்பி, வலைல கெடந்துச்சு. ஒங்க தொட்டில விட்டுப் பாருங்க" என்றார். உள்ளே விரல் நீளத்தில், உயிருள்ள ஒரு கடற்குதிரை. அதனையும் ஒரு மீன் இனம் என்று அறிவீர்கள். பெண் இடும் முட்டைகளை ஆண் தன் வயிற்றுப் பையில் சுமந்து குஞ்சு ஈனும் விந்தை மீன் அது. என் கைகள் பரபரத்தன.

கடற்குதிரைக்கு இரைப்பை கிடையாது. ஆகவே அது நாள் முழுதும் சிறிது சிறிதாக உயிருணவைத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். என் தொட்டியில் அது பட்டினியால் மெல்ல மெல்ல மெலிந்திருக்கும். அன்றியும், 2001 முதல் அது சட்டத்தால் காக்கப்பட்ட உயிர்; அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். மாமாவிடம் இவற்றைச் சொன்னேன். "சரி, ஏறுங்க" என்று தம் மோட்டார் சைக்கிளிலேயே என்னை அழைத்துச் சென்றார். இடுப்பளவு நீரில், கடற்புல் வளர்ந்த இடத்தில் கேனைச் சாய்த்தார். அது வாலால் ஒரு புல்லைப் பற்றிக்கொண்டது. அடுத்த நொடி எது புல், எது குதிரை என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் அவர், "இனிமே வலைல உசுரோட வந்தா அங்கேயே விட்டுர்றேன்" என்றார்.

முடிவாக

இவ்வாண்டு என் கோமாளி மீன் இணை ஓட்டுத் துண்டு ஒன்றின் மேல் ஆரஞ்சு நிற முட்டைகளை இட்டது. ஆண் மீன் இரவும் பகலும் துடுப்பால் விசிறிக் காத்தது. எட்டாம் நாள் இரவு, விளக்கை அணைத்த பின் முட்டைகள் பொரித்தன. கண்ணாடி இழை போன்ற குஞ்சுகள். அவற்றிற்கு முதல் உணவு ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரி. நான் அதை முன்கூட்டியே வளர்த்து வைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒன்றுகூட எஞ்சவில்லை. மீண்டும் அதே பிழைதான்: உயிர் வந்த பிறகு அதற்கான ஏற்பாட்டைத் தேடியது.

இப்போது மாடியில் நான்கு கண்ணாடிக் குடுவைகளில் பச்சை நுண்பாசியும், அதைத் தின்னும் ரோட்டிஃபரும் வளர்ந்து வருகின்றன. அடுத்த முட்டைகளிலிருந்து பத்துக் குஞ்சுகள் பிழைத்தாலும் போதும். கடல் மீன் வளர்க்க விரும்பும் நண்பர்களுக்கு அவற்றைத் தருவேன், விலை வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முதலில் ஆறு வாரம் வெறும் தண்ணீருக்கு விளக்குப் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆறு வாரக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டுபவர்க்கே மீன்.